அந்தமான் போறீங்களா? வெயிலுக்கும் பூச்சிக்கும் இப்பவே ரெடியாகிடுங்க

போன வருஷம் மார்ச்ல என் தம்பி குடும்பம் அந்தமான் போயிட்டு ஏர்போர்ட்ல இருந்து நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க. தம்பி பொண்ணு சோஃபால உக்காந்து ரெண்டு காலையும் மாத்தி மாத்தி சொறிஞ்சிட்டே இருந்தா, என்னடி ஆச்சுன்னு பேன்ட்டை தூக்கிப் பாத்தா ஒரு கெண்டைக்கால்ல மட்டும் 61 தடிப்பு, உக்காந்து எண்ணினேன். பேன்ட்டை எந்த இடம் வரைக்கும் சுருட்டி விட்டிருந்தாளோ அதுவரைக்கும் கடி, அதுக்கு மேல கோடு போட்ட மாதிரி சுத்தம். தம்பி சட்டைய கழட்டினான், முதுகு பூரா தோல் உரிஞ்சு தொங்குது, தோள்பட்டைல சட்டை பட்டாலே பல்லைக் கடிக்கிறான். அஞ்சு நாள் டூர், அதுல கடைசி மூணு நாள் ரூம்லயே போச்சாம்.

அவன்கிட்ட உக்காந்து பொறுமையா விசாரிச்சா ரெண்டுக்கும் ஒரே காரணம்தான் வந்து நிக்குது. காலைல 11 மணிக்கு எலிஃபன்ட் பீச்ல ஸ்நார்க்லிங் இறங்கியிருக்கான், உச்சி வெயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கேன்னு நினைச்சு. சாயங்காலம் நாலரைக்கு ராதாநகர் பீச்ல மணல்ல உக்காந்து சன்செட் பாத்திருக்காங்க, இருட்டினாதானே கொசு வரும்னு நினைச்சு. ரெண்டுமே நம்ம ஊர் கணக்கு. அந்தமான்ல அது செல்லாது.

இத எனக்கு புரிய வச்சது என் பெரியம்மா பொண்ணு. அக்கா கல்யாணமாகி போர்ட் பிளேர் போய் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அங்க நம்ம தமிழ் ஜனங்க நிறைய, அவங்க தெருவுலயே பாதி வீட்டுல தமிழ்தான். நான் முதல் தடவை பசங்கள கூட்டிட்டு போனப்ப காலைல பத்தரைக்கு பீச்சுக்கு கிளம்பினேன், அக்கா வாசல்லயே நிறுத்திட்டாங்க. "வாட்சைப் பாக்காதடி, நிழலைப் பாரு. உன் நிழல் உன்னை விட குட்டையா இருந்தா உள்ள வா"ன்னாங்க. இந்த ஒரு வரிய வச்சுத்தான் நான் இப்ப எல்லாத்தையும் பிளான் பண்றேன், கீழ சொல்றது எல்லாம் அதோட விளக்கம்தான்.

(பேரு விஷயம் ஒண்ணு. ஹேவ்லாக் தீவு 2018ல ஸ்வராஜ் த்வீப் ஆயிடுச்சு, நீல் ஐலண்ட் ஷஹீத் த்வீப் ஆயிடுச்சு, போர்ட் பிளேர் 2024ல ஸ்ரீ விஜயபுரம் ஆயிடுச்சு. டிக்கெட்ல புது பேரு இருந்தா குழம்பாதீங்க. வாய்ல எல்லாரும் பழைய பேருதான் சொல்றாங்க, நானும் அதையே எழுதுறேன்.)

முதல் வேலை: மனசுல கடிகாரத்தை மாத்துங்க

அந்தமானும் சென்னையும் ஒரே இந்திய நேரம்தான். ஆனா போர்ட் பிளேர் நமக்கு ரொம்ப கிழக்க இருக்கு, அதனால சூரியன் அங்க சென்னையை விட கிட்டத்தட்ட 50 நிமிஷம் முன்னாடியே எல்லாத்தையும் முடிச்சிடும். டிசம்பர்ல சாயங்காலம் 5 மணிக்கு அஸ்தமனம், ஏப்ரல்ல காலைல 5 மணி சுமாருக்கே விடிஞ்சிடுது. உச்சி வெயில் 12 மணிக்கு இல்ல, 11:15, 11:20க்கே வந்துடும். நம்ம ஊர்ல பத்து மணில இருந்து மூணரை வரைக்கும் வெயில்ல போகாதன்னு சொல்வோம்ல, அங்க அத எட்டரை ஒன்பதுல இருந்து ரெண்டரை வரைக்கும்னு வச்சுக்கோங்க. பூச்சிக்கும் இதே கணக்கு, நாலு மணிக்கெல்லாம் அதுங்களுக்கு சாயங்காலம்.

அதனால நாளை இப்படி பிரிச்சுக்கோங்க. காலைல அஞ்சரை ஆறுக்கு எழுந்து எட்டரை வரைக்கும் தண்ணி, நடை, போட்டோ எல்லாம். அப்புறம் டிஃபன், நிழல், ஃபெர்ரி பயணம், மியூசியம், தூக்கம். ரெண்டரைக்கு மேல திரும்ப பீச். நாலுக்கு முன்னாடி முழு பேன்ட் மாத்திக்கணும், இத மட்டும் ஃபோன்ல அலாரமாவே வச்சுடுங்க, ஏன்னா தண்ணில விளையாடும்போது யாருக்கும் ஞாபகம் வராது. நிழல் கணக்க பசங்களுக்கு சொல்லிக் குடுத்துட்டா நம்மள விட கரெக்டா அவங்க பாத்துப்பாங்க, என் சின்னவன் அம்மா என் நிழல் குள்ளமாயிடுச்சுன்னு ஓடி வருவான்.

இன்னொண்ணு, ஏப்ரல் மூணாவது நாலாவது வாரத்துல சூரியன் அந்தமானுக்கு நேர் உச்சில நிக்கும், நண்பகல்ல நிழலே காலுக்கு அடியில போயிடும். பரீட்சை முடிஞ்சு பசங்கள கூட்டிட்டு எல்லாரும் கிளம்புற நேரமும் அதுதான். டிசம்பர் ஜனவரில போறவங்களுக்கு கொஞ்சம் பரவாயில்ல, ஆனா 12 டிகிரி அட்சரேகைல இருக்குற தீவு, குளிர்காலம்னு நினைச்சு ஏமாறாதீங்க.

ரெண்டாவது: பை கட்டும்போது

சன்ஸ்கிரீன்ல எல்லாரும் செய்ற தப்பு அளவுதான். எஸ்பிஎஃப் 50னு போட்டிருக்குற கணக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவினாத்தான் பொருந்தும். ஒரு பெரிய ஆளு உடம்பு பூரா அந்த அளவுக்கு தடவணும்னா 30, 35 கிராம் வேணும். நாம வாங்குற 50 கிராம் ட்யூப் ஒரு ஆளுக்கு ரெண்டு தடவைக்கு கூட பத்தாது! குடும்பமே ஒரு ட்யூப்ப வச்சு நாலு நாள் ஓட்டினா அது சன்ஸ்கிரீன் இல்ல, பட்டாணி சைஸுக்கு தொட்டு வச்ச பொட்டுதான்.

அதுக்காக அரை கிலோ வாங்கணும்னு சொல்லல, துணிய வச்சு மூடிடுங்க. முழுக்கை ராஷ்கார்டு (தண்ணில இறங்கும்போது போடுற நீச்சல் சட்டை), கணுக்கால் வரைக்கும் நீச்சல் லெகிங்ஸ், அகலமான தொப்பி. அப்ப முகம், கழுத்து, காது, கை, பாதம் மட்டும்தான் பாக்கி, ஒரு தடவைக்கு எட்டு ஒன்பது கிராம்ல முடிஞ்சிடும். ஒரு நாளைக்கு மூணு தடவைன்னா 25 கிராம், அப்ப ஆளுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு ட்யூப்னு கணக்கு போட்டு வாங்குங்க. போர்ட் பிளேர்ல எல்லாம் கிடைக்கும், ஹேவ்லாக், நீல்ல கடைல இருக்குறத வாங்கணும், விலையும் கூட, அதனால ஊர்லயே வாங்கிடுறது நல்லது.

எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீதம், 50 சுமார் 98 சதவீதம் யுவிபி கதிர, அதாவது தோல வேக வைக்கிற கதிர தடுக்கும். பெரிய வித்தியாசம் இல்ல, 100க்கு காசு குடுக்க வேண்டாம். நாம குறைச்சுத்தான் தடவுவோம்ங்கறதால 50 எடுத்துக்கோங்க. கூடவே பிஏ பக்கத்துல மூணு நாலு பிளஸ் இருக்கான்னு பாருங்க, அதுதான் தோல கருக்க வைக்கிற யுவிஏ கதிருக்கு. வாட்டர் ரெசிஸ்டன்ட்னு எழுதியிருக்கணும், அதுவும் 40 நிமிஷமோ 80 நிமிஷமோதான் தாங்கும். உள்ள ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் இருந்தா திரும்ப வச்சுடுங்க, ரெண்டும் பவளப்பாறைக்கு கெடுதல்னு ஹவாய்ல 2021ல இருந்து விற்கவே விடறதில்ல. அந்தமான்ல நாம காசு கட்டி பாக்கப் போறதே அந்த பவளத்தைத்தான், அதுமேலயே இத கரைச்சு விடுறது மனசுக்கு ஒப்பல. ஜிங்க் ஆக்சைடு இருக்குறது வாங்குங்க, கொஞ்சம் வெள்ளையா திட்டா தெரியும், தெரியட்டும்.

"நாமளே கருப்பு, நமக்கெதுக்கு இதெல்லாம்"னு வீட்டுக்கு ஒருத்தர் கண்டிப்பா சொல்வாங்க, எங்க வீட்டுல எங்க அப்பா. கருப்புத் தோலுக்கு கொஞ்சம் பாதுகாப்பு இயற்கையாவே இருக்கு, அது நிஜம். ஆனா தீவு வெயில்ல மணிக்கணக்கா நிக்க அது போதாது. நமக்கு சிவந்து தெரியாது, அவ்ளோதான், எரிச்சலும் உரியறதும் அப்படியே வரும். முகத்துல மங்கு இருக்குறவங்களுக்கு ஒரே டூர்ல அது ரெண்டு மடங்கா கருத்துடும், அப்புறம் மாசக்கணக்கா ஆனாலும் போகாது.

சாதாரண வெள்ளை பனியன், டி ஷர்ட்ட நம்பாதீங்க. காய்ஞ்சிருக்கும்போதே அது லேசாத்தான் தடுக்கும், நனைஞ்சு உடம்புல ஒட்டிடுச்சுன்னா அதுவும் போச்சு. என் தம்பி முதுகு வெந்தது டி ஷர்ட்டோடதான்.

பூச்சிக்கு டீட் 20ல இருந்து 30 சதவீதமோ, இல்லன்னா பிகாரிடின் 20 சதவீதமோ இருக்குற ரிப்பெல்லன்ட் (பூச்சிய கிட்ட விடாத மருந்து) வாங்குங்க, பாட்டில் பின்னாடி படிச்சுப் பாத்து வாங்கணும். ஓடோமாஸ் ஊர்க் கொசுவுக்கு பழகினது, அதையும் எடுத்துக்கோங்க, ஆனா அடிக்கடி தடவணும். ரெண்டு மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைக்கு டீட் கூடவே கூடாது, லெமன் யூக்கலிப்டஸ் எண்ணெய் மூணு வயசுக்கு கீழ வேண்டாம். ஆறு மாசத்துக்கு கீழ குழந்தைக்கு சன்ஸ்கிரீனும் வேண்டாம், நிழல், துணி, வலை போதும், அதைவிட நல்லது அந்த வயசுல தீவு டூரையே ஒரு வருஷம் தள்ளிப் போடுறது. பூச்சி கொல்ற ஸ்ப்ரே கேன ஃபிளைட்ல கொண்டு போக பாக்காதீங்க, அத எடுத்து வெளிய வச்சிடுவாங்க.

கேலமைன் லோஷன், செட்ரிசின், பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட் பத்து, நகவெட்டி. நகவெட்டி எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்.

ஏற்கனவே மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. டாக்ஸிசைக்ளின் மாதிரி சில மாத்திரை, முகப்பருவுக்கு போடுற ரெட்டினாய்டு க்ரீம் இதெல்லாம் தோல வெயிலுக்கு ரொம்ப சென்சிடிவ் ஆக்கிடும்.

மூணாவது: தடவுற வரிசை

இது ரொம்ப முக்கியம். முதல்ல சன்ஸ்கிரீன். 15, 20 நிமிஷம் காயட்டும். அதுக்கு மேல ரிப்பெல்லன்ட். தலைகீழா செஞ்சா ரிப்பெல்லன்ட் அடில போய் மாட்டிக்கும், வேலை செய்யாது. இன்னொரு விஷயம், டீட் மேல போட்டா சன்ஸ்கிரீனோட சக்தி கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குறையுது, அதனால ரெண்டையும் சேத்து போடுற நேரத்துல சன்ஸ்கிரீன சீக்கிரமா திரும்ப தடவணும். ரெண்டும் கலந்து ஒரே பாட்டில்ல வர்றத வாங்காதீங்க, சன்ஸ்கிரீன் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடணும், ரிப்பெல்லன்ட் அப்படி போடக் கூடாது, ரெண்டுக்கும் ஒத்து வராது. நல்லா யோசிச்சுப் பாத்தா ரெண்டரைக்கு மேல போற பீச்சுக்கு வெறும் சன்ஸ்கிரீன் போதும், சாயங்காலத்துக்கு வெறும் ரிப்பெல்லன்ட் போதும், காலைல மட்டும்தான் ரெண்டும் சேந்து வரும்.

முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடு விரல் ரெண்டுலயும் அடில இருந்து நுனி வரைக்கும் நீளமா பிதுக்கி எடுத்தா அதுதான் ஒரு தடவைக்கு அளவு. விட்டுப்போற இடங்கள் எப்பவும் இதுதான்: காது மேல் விளிம்பு, பின்கழுத்து, பாதத்தோட மேல்பக்கம் (செருப்பு வார் போட்ட இடம் மட்டும் வெள்ளையா நின்னுடும்), முட்டிக்குப் பின்னாடி மடிப்பு, உதடு. பொம்பளைங்க வகிடு எடுத்திருந்தா அந்த வகிடு. அது வேகும்னு யாருக்கும் தோணாது, அடுத்த நாள் சீப்பு வச்சா உயிர் போகும். வகிட மாத்தி எடுங்க, இல்ல தலைல துப்பட்டா போட்டுக்கோங்க. திருப்பதி போயிட்டு மொட்டை போட்ட கையோட அந்தமான் கூட்டிட்டு வர்ற குழந்தைங்கள நான் படகுத் துறைல அடிக்கடி பாக்குறேன், அந்த இளம் மொட்டைக்கு தொப்பி இல்லாம தயவுசெஞ்சு வெளிய விடாதீங்க.

ரிப்பெல்லன்ட குழந்தைக்கு நேரா ஸ்ப்ரே பண்ணாதீங்க, உங்க கைல எடுத்து தடவி விடுங்க, அவங்க உள்ளங்கைலயும் கண்ணு வாய்கிட்டயும் வேண்டாம், கை நேரா வாய்க்குத்தான் போகும். தூங்கறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கழுவிடுங்க. டீட் பட்டா பிளாஸ்டிக் இளகிடும், கண்ணாடி ஃபிரேம், வாட்ச் ஸ்ட்ராப், ஸ்நார்க்லிங் மாஸ்க் எதையும் அந்த கையோட தொடாதீங்க.

நாலாவது: தண்ணிலயும் போட்லயும்

ஸ்நார்க்லிங்தான் ஆளைக் கவுக்கிறது. குப்புற மிதக்கிறோம், கீழ மீனு, பவளம், கலர் கலரா, நேரம் போறதே தெரியாது. தண்ணி ஜில்லுனு இருக்கு, சுடவே இல்ல. ஆனா அரை மீட்டர் ஆழத்துல கூட மேல இருக்குற யுவில 40 சதவீதம் இருக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, முதுகு தண்ணிக்கு மேலயே இருக்கு, அப்ப யோசிச்சுப் பாருங்க. முதுகு, பின்தொடை, கெண்டைக்கால், பின்கழுத்து, இந்த நாலும் மூடியே ஆகணும். மூடுற துணி இல்லன்னா காலைல முதல் போட்ல போங்க, அதுவும் முடியலன்னா அன்னிக்கு கரைல இருங்க.

மேகமா இருக்கேன்னும் விடாதீங்க, லேசான மேகம்னா 80 சதவீதம் வரைக்கும் யுவி உள்ள வந்துடும். நிழல்ல உக்காந்தாலும் வெள்ளை மணல்ல பட்டு 15 சதவீதம் திரும்பி வரும், அதனால நிழல்லயும் முகத்துக்கு தடவித்தான் ஆகணும்.

கவர்மெண்ட் ஃபெர்ரில மேல் தளத்துல நின்னு கடல் பாக்க எல்லாருக்கும் ஆசை. ஹேவ்லாக் போக ரெண்டு ரெண்டரை மணி நேரம், காத்து அடிச்சுட்டே இருக்கும், ஒரு சூடும் தெரியாது, இறங்கும்போது முகம் காந்தும். தொப்பிக்கு தாடைக் கயிறு வேணும், இல்லன்னா அது கடலுக்குத்தான். வெறும் கேப் காதையும் கழுத்தையும் மூடாது, ஏழு எட்டு சென்டிமீட்டர் விளிம்பு சுத்தி இருக்கணும். கண்ணாடில யுவி 400னு இருக்கணும், தெருவுல விக்கிற வெறும் கருப்புக் கண்ணாடில கண் பாப்பா விரிஞ்சு யுவி உள்ள இன்னும் ஜாஸ்தியா போகும்.

தண்ணி குடிக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா நிறைய வியர்த்தா வெறும் தண்ணி பத்தாது, உப்பும் வேணும். இளநீர், ஓஆர்எஸ், உப்பு போட்ட மோர். தலைவலி, குமட்டல், கால் இழுத்துப் பிடிக்குதுன்னா உடனே நிழல்ல படுக்க வச்சு ஈரத்துணி போட்டு விசிறுங்க. பேச்சு குழறுது, ஆளு தடுமாறுறாரு, உடம்பு கொதிக்குதுன்னா அது ஹீட் ஸ்ட்ரோக், உடம்புல தண்ணி ஊத்திக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஹேவ்லாக்ல ப்ரைமரி ஹெல்த் சென்டர் இருக்கு, பெரிய கேஸ்னா போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி.

எலுமிச்சம்பழம் பத்தி ஒண்ணு. பூச்சி வராதுன்னு சிலர் எலுமிச்சை சாற உடம்புல தேச்சுட்டு பீச்சுக்கு போறாங்க, இல்லன்னா வறுத்த மீனுக்கு பிழிஞ்ச கையோட வெயில்ல உக்காருறாங்க. அந்த சாறு தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா கொப்புளம் வரும், அப்புறம் கருப்பா கறை நிக்கும். கைய கழுவிட்டு வெயிலுக்கு போங்க, உடம்புல தேய்க்கவே தேய்க்காதீங்க.

அஞ்சாவது: சாண்ட்ஃப்ளை

இதத்தான் நான் ஆற அமர சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல இருந்து போற யாருக்கும் இது தெரியறதில்ல. கொசுன்னா சத்தம் கேக்கும், கண்ணுக்கு தெரியும், அடிக்கலாம். இது ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான், மிளகுத் தூள் ஒரு துணுக்கு தோல்ல ஒட்டின மாதிரி இருக்கும், தட்டினா மணலோ பூச்சியோன்னே தெரியாது. கடிக்கும்போது சுருக்குன்னு லேசா, அதுவும் சிலருக்குத்தான். ராத்திரி படுத்தப்புறம்தான் ஆரம்பிக்கும் அரிப்பு, அது ஒரு வாரம் பத்து நாள் ஓடும்.

அங்க எல்லாரும் சாண்ட்ஃப்ளைன்னுதான் சொல்றாங்க. காலா அசார் நோய் பரப்புற மணல் ஈ ஒண்ணு இருக்கே, பீச்ல கடிக்கிறது பெரும்பாலும் அது இல்ல, வேற குடும்பம், ஒரு வகை குட்டிக் கடி ஈ. பெண் பூச்சிதான் கடிக்கும், ஈர மணல், சேறு, அழுகின கடல்பாசி, மாங்ரோவ் (அலையாத்திக் காடு) ஓரம் இங்கல்லாம்தான் வளரும். விடியக்காலையும் சாயங்காலமும்தான் அதுக்கு நேரம். பறக்கறதுல ரொம்ப வீக், லேசா காத்து அடிச்சாலே தாக்குப் பிடிக்காது, தரையை ஒட்டியேதான் சுத்தும். இந்த மூணும் தெரிஞ்சா என்ன செய்யணும்னு தானா புரிஞ்சிடும்.

மணல்ல நேரா உக்காராதீங்க, படுக்கவே படுக்காதீங்க. ராதாநகர் மேற்கு பாத்த பீச், சன்செட்டுக்கு ஊரே கூடும், எல்லாரும் சரியா அந்த நேரத்துக்கு ஷார்ட்ஸோட மணல்ல உக்காருவாங்க. நீங்க நின்னுக்கிட்டோ நடந்துக்கிட்டோ பாருங்க, இல்லன்னா நாற்காலி, மரக்கட்டை மேல, கீழ தடிமனா விரிப்பு. காத்து நின்னுபோச்சுன்னா எழுந்து கிளம்பிடுங்க, அதுதான் சிக்னல். தண்ணி வத்தி ஈரமணல் நிறைய தெரியற நேரத்துல ஓரமா பாசி குவிஞ்ச இடத்துப் பக்கம் போகாதீங்க. நீல் ஐலண்ட்ல லக்ஷ்மண்பூர் சன்செட்டுக்கும் இதேதான். பாராடாங் குகைக்கு போட்ல மாங்ரோவ் நடுவுல போவீங்க, எலிஃபன்ட் பீச்சுக்கு காட்டு வழியா நடக்குறவங்களும் சேத்துல போவாங்க, அங்க பகல்லயே கால மூடிக்கணும்.

டைட்டான லெகிங்ஸ் கடிய தடுக்காது, கொசு அதுக்கு மேலயே குத்திடும். சாயங்காலத்துக்கு லூசான பருத்தி பேன்ட், சல்வார், வெளிர் கலர்ல, கூட சாக்ஸ். பீச்ல சாக்ஸ் போட்டு நின்னா பாக்க எப்படியோ இருக்கும்னு என் பெரியவ முதல்ல மாட்டேன்னா, ஒரு சாயங்காலம் கடி வாங்கினதும் அவளே கேட்டு வாங்கி போட்டுக்கிட்டா.

தேங்காண்ணெய் விஷயம். தீவுக்காரங்க நிறைய பேரு கணுக்கால்ல தடிமனா தேங்காண்ணெய் பூசிக்கிறாங்க, பூச்சி அதுல ஒட்டிக்கும், கடிக்க முடியாது. சாயங்காலம் ஒரு அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு எங்களுக்கு அது நல்லாவே வேலை செஞ்சுது, ஆனா மணல் ஒட்டும், துடைஞ்சா போச்சு. கொசுவுக்கு அத நம்பாதீங்க. பகல்ல பூசவே பூசாதீங்க, தேங்காண்ணெய் சன்ஸ்கிரீன் இல்ல.

ரூம்ல மின்விசிறிதான் பெரிய பாதுகாப்பு, கட்டிலுக்கு நேரா ஓட விடுங்க. சாதாரண கொசுவலை ஓட்டை வழியா இந்த பூச்சி உள்ள வந்துடும், ஆனாலும் வலை கட்டுங்க, அது கொசுவுக்கு. ரூம் எடுக்கும்போது பீச்ச ஒட்டின குடில் அழகா இருக்கும், நான் குழந்தைங்களோட போனா கொஞ்சம் தள்ளி, மாடி ரூம், ஜன்னல்ல வலை அடிச்சதுதான் கேப்பேன். சுருள் கொளுத்துறதா இருந்தா வராண்டால, மூடின ரூமுக்குள்ள அந்தப் புகை வேண்டாம். அந்தமான்ல பெரிய பூரான் உண்டு, கடிச்சா பயங்கர வலி, காலைல ஷூவ தட்டிட்டு போடுங்க. ரெண்டு மரத்துக்கு நடுவுல தொங்கற ஊஞ்சல்ல படுக்கறதுக்கு முன்னாடி மரத்துல முசுறு எறும்பு ஓடுதான்னு ஒரு பார்வை.

கொசு ரெண்டு ஷிஃப்ட். டெங்கு பரப்புற ஏடிஸ் பகல்ல கடிக்கும், விடிஞ்ச முதல் ரெண்டு மணி நேரமும் அஸ்தமனத்துக்கு முன்னாடியும் ஜாஸ்தி. மலேரியா பரப்புற அனாஃபிலிஸ் ராத்திரி வேலை, அந்தமான் நிக்கோபார்ல இருக்குற வகை உப்பு கலந்த தண்ணில கூட முட்டை வைக்கும், அதனால கடல் பக்கம்தானே கொசு இருக்காதுங்கற பேச்சு இங்க எடுபடாது.

ஆறாவது: கடி வாங்கிட்டா, வெந்துட்டா

கடிச்ச இடத்த சோப்பு போட்டு கழுவி ஈரத்துணில சுத்தின ஐஸ் கொஞ்ச நேரம் வையுங்க, அப்புறம் கேலமைன். அரிப்பு தாங்கலன்னா ராத்திரி செட்ரிசின், தூக்கம் வரும். குழந்தைக்கு அளவு டாக்டர்கிட்ட கேட்டுட்டு. சொறியக் கூடாது. சொல்றது சுலபம், அதுக்குத்தான் நகவெட்டி, முதல் நாளே எல்லாருக்கும் ஒட்ட வெட்டிடுங்க, தூக்கத்துல சொறிஞ்சாலும் தோல் கிழியாது. கிழிஞ்சா அடுத்த நாள் உப்புத்தண்ணி எரியும், சீழ் வைக்கும், வெயில் பட்டா அந்த வடு கருப்பாகி நின்னுடும். தம்பி பொண்ணு காலுல இன்னும் சிலது தெரியுது. சுத்தி சிவந்து சூடாகி வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டர்.

வெயில்ல வெந்தா குளிர்ந்த தண்ணில குளிச்சு கத்தாழை ஜெல், மாய்ஸ்சரைசர். நேரா ஐஸ் வைக்காதீங்க, டூத்பேஸ்ட் தடவாதீங்க, கொப்புளத்த உடைக்காதீங்க, உரியற தோல பிச்சு எடுக்காதீங்க. நிறைய தண்ணி. வெந்த தோல் மேல ரிப்பெல்லன்ட் போட முடியாதுங்கறதையும் நினைச்சுக்கோங்க. பகல்ல வெந்தவங்க அன்னிக்கு சாயங்காலம் கடியும் சேத்து வாங்குறது இதனாலதான். அவங்களுக்கு லூசான முழுக்கை, மின்விசிறி, சன்செட்டுக்கு ரூம்லயே இருக்குறது, வேற வழி இல்ல.

ஊருக்கு வந்தப்புறம் காய்ச்சல் வந்தா அலட்சியம் வேண்டாம். டெங்கு கடிச்ச நாலுல இருந்து பத்து நாளுக்குள்ள வரும். மலேரியா ஒரு வாரத்துக்கு மேல, ஒரு மாசம் கழிச்சு, சில வகை பல மாசம் கழிச்சு கூட வரும். ரத்த டெஸ்ட் எடுக்கற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும்தான், ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் தொடாதீங்க, டெங்குவா இருந்தா ரத்தக்கசிவு ஆகலாம். டாக்டர் டூர் போனீங்களான்னு கேக்க மாட்டாரு, ஊர்க் காய்ச்சல்னு நினைச்சு மாத்திரை எழுதிடுவாரு. அதனால உக்காந்ததுமே அந்தமான் போயிட்டு இந்த தேதில திரும்பினேன்னு நீங்களே சொல்லிடுங்க.